இணைந்து விரும்பிக் கேட்டவர்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும், பழைய பாட்டுக் கச்சேரிப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. போன வாரம் கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோமே, அப்போதும் அதே கதைதான். "ஊரே ஒண்ணா ஒக்காந்து கேட்டுச்சி, ஒரு சண்ட உண்டா, சச்சரவு உண்டா" என்று ஆளாளுக்கு உருகினீர்கள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன அந்தக் காணும் பொங்கல் கச்சேரிக்கு நானும் வந்திருந்தேன். நீங்கள் கைதட்டியபோது நானும் தட்டினேன். அந்த ஒரு சாயங்காலம் என் அக்காவின் வேலையையும் பாட்டையும் சிரிப்பையும் வாரிக்கொண்டு போய்விட்டது. உங்களில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அக்கா என்னைவிட வெகுவாக மூத்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த எதுவும் தங்கவில்லை. அப்பா ஒரு சிராமிக் பட்டறையில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். அக்கா வேறொரு பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதினாள். சூளையில் வெந்து வந்த பிள்ளையாரும் கிருஷ்ணரும் வாத்தும் நாய்க்குட்டியும் கண்ணில்லாமல் வெள்ளை வெளேரென்று பலகையில் வரிசையாக நிற்கும். பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் புருவமும் விழியும் இழுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். காது உடைந்த நாய்க்குட்டி, மூக்கு உடைந்த வாத்து என்று ஏதாவது ஒன்று எனக்குக் கிடைக்கும். அவற்றையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பெட்டி எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை.

கண் எழுதும்போது அந்தக் கொட்டகையில் பாடுவார்கள். பொழுதுபோக்குக்கு இல்லை, கைக்காக. துள்ளல் பாட்டுப் பாடினால் கை ஆடிவிடும், புருவம் கோணிக்கொள்ளும். பிள்ளையார் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டாக இருந்தால் ஒரு மூச்சுக்கு ஒரு புருவம் சுத்தமாக வந்து விழும். அதனால் அங்கே எப்போதும் தாலாட்டுதான். சினிமாவில் வந்த ஒரு தாலாட்டு. எதுவென்று சொல்லமாட்டேன், நீங்கள் உடனே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்கு எரிச்சல் வரும். அதை முதலில் எடுப்பவள் அக்கா. மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அவள் பாடும்போது மட்டும் வீட்டில் பார்க்காத ஒரு முகம் அவளுக்கு வரும்.

வயது வந்த பெண்ணைப் பட்டறைக்கு அனுப்புவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் அண்ணன் அவர். அப்பா ஒரு வேட்டி எடுப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் எடுப்பார். அக்கா அழுது, சாப்பிடாமல் கிடந்து, எப்படியோ சம்மதம் வாங்கியிருந்தாள். பெரியப்பா அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"போவட்டும். ஆனா ஒரு பேச்சு வரக்கூடாது. ஒரு பேச்சு வந்துச்சின்னா அன்னியோட பட்டற கெடையாது. எவன் கெடைக்கிறானோ அவனுக்குக் கட்டிக் குடுத்துட வேண்டியதுதான்."

அக்கா அதற்குக் கட்டுப்பட்டாள். கட்டுப்பட்டாள் என்றால் சாதாரணமாக இல்லை. போகும்போதும் வரும்போதும் தலை நிமிர மாட்டாள். டீக்கடை வந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமாகக் கடப்பாள். சேலைத் தலைப்பு காற்றில் பறந்தால்கூட யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வாள். கண் எழுதுகிற அந்தப் பலகைக்கு முன்னால் போய் உட்காரும் வரைக்கும் அவளுக்கு உயிர் வராது.

அந்த வருடம்தான் பட்டறை முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மெல்லிசைக் குழுவை அழைத்து வந்தார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானம். எல்லாரும் வரலாம். ஒரு வாரமாக வாடகைக் காரில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெரியப்பாவே குடும்பத்தோடு கிளம்பியதால் எங்கள் வீட்டுப் பெண்களும் போகலாம் என்று ஆனது. அக்கா அன்றைக்குக் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டாள். முழங்கையில் அப்பியிருந்த வெள்ளை மண்ணை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பொங்கலுக்கு எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையை அன்றைக்கென்றே மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

கூட்டத்தை நினைத்தால் இப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. பெண்ணாடத்துக் கரும்பு டிராக்டர்கள் கரும்புக்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் கூரையில்கூட உட்கார இடமில்லை. மைதானத்துக்கு நடுவில் கயிறு கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். அம்மாவும் அக்காவும் பட்டறைப் பெண்களோடு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். நான் சின்னப் பெண் என்பதால் அப்பாவின் மடியில், ஆண்கள் பக்கம். பொங்கல் கரும்பைக் கடித்துத் துப்பிய சக்கை, அவித்த வேர்க்கடலை, பீடிப் புகை, பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கனகாம்பரமும் டிசம்பர் பூவும், எல்லாம் கலந்து ஒரு வாசனை. பொழுது சாய்கிற நேரத்தில் மேடை விளக்கைப் போட்டார்கள். அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். பிறகு டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அது காதில் விழவில்லை. என் நெஞ்சுக்குள் விழுந்தது. நான் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. ரேடியோவில் யாரோ எங்கேயோ பாடிய பாட்டை, இதோ கண்ணெதிரே கோட்டு போட்ட ஒரு மனிதர் வேர்க்க வேர்க்கப் பாடுகிறார். முதல் அடி வந்ததுமே மைதானம் முழுக்க அவரோடு சேர்ந்து பாடுகிறது. துண்டுகள் மேலே பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு ஆடினார்கள். சேலம் லைனில் வந்த கூட்ஸ் வண்டி மைதானத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து நீளமாக ஊதிவிட்டுப் போனது, அதற்கும் கைதட்டினோம். ஒரு வார்த்தை அதிகம் பேசாத என் அப்பா, சூளைச் சூட்டில் முகமெல்லாம் கருகிப்போன மனிதர், என் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தப்பாத தாளம். அவருக்குப் பாட்டு தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதிக்கு மேல் நேயர் விருப்பம் ஆரம்பித்தது. நம் காலத்துக் கச்சேரிகளில் அதுதானே பெரிய வேடிக்கை. பிடித்த பாட்டையும் பெயரையும் தெருவையும் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், கை மாறிக் கை மாறித் தலைகளுக்கு மேலாகவே மேடைக்குப் போய்ச் சேரும். பெயர் படித்ததும் அந்த ஆள் எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டும். கூட்டம் கைதட்டும். எழுந்து நிற்காவிட்டால் "எங்கய்யா ஆளு" என்று கிண்டல் பண்ணுவார்கள். பட்டறைப் பெண்கள் அக்காவை விடவில்லை. நம் பாட்டை அவர்கள் வாயால் கேட்க வேண்டும், நீதானே முதலில் எடுக்கிறவள், உன் பெயரைப் போட்டே எழுது என்று நச்சரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அக்கா எழுதிக் கொடுத்தாள். திட்டுவதற்கும் வேலை ஏவுவதற்கும் தவிர வேறெதற்கும் யாரும் அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. மைக்கில் ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். பட்டுச் சட்டை, பளபளப்பாக வாரிய தலை, சாதாரணமாக ஒரு வாக்கியம் பேச வராது. ஒரே பாட்டைக் கேட்டு இரண்டு மூன்று தாள் வந்தால் அடுக்கி ஒன்றாகப் படிப்பார். "தொடர்ந்து விரும்பிக் கேட்பவர்", "அன்போடு விரும்பிக் கேட்பவர்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு புது வார்த்தை. தாலாட்டு முறை வந்தபோது அவர் கையில் மிச்சமிருந்த வார்த்தை வேறு.

"அன்பு உள்ளங்களே! இந்த இனிய தாலாட்டை இணைந்து விரும்பிக் கேட்கிறார்கள்" என்று சொல்லி, முதலில் சர்ச் தெரு என்று போட்டு ஒரு பையனின் பெயரைப் படித்தார். பெயரைக் கேட்டாலே வேதக்காரர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அடுத்து, மூச்சு விடாமல், பொம்மைப் பட்டறை என்று போட்டு என் அக்காவின் பெயர். வேறு பெயர் இல்லை. அவ்வளவுதான்.

இணைந்து. ரேடியோவில் இப்போதும் மூச்சுக்கு முன்னூறு தரம் சொல்கிறார்கள் அந்த வார்த்தையை. கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் அணைத்துவிடுகிறேன்.

எங்களுக்குச் சில வரிசைக்கு முன்னால் ஒரு பையன் துள்ளி எழுந்து கையைத் தூக்கினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்காவும் எழுந்து கையைத் தூக்கினாள். எழுந்து நிற்பதுதானே வழக்கம். இரண்டு பேரும் மேடையைத்தான் பார்த்தார்கள். ஆனால் மைதானம் அந்த இருவரையும் பார்த்தது. அந்தப் பெருங்கூட்டத்தில் எழுந்து நின்றது அவர்கள் இருவர் மட்டும். ஒரு விசில் கிளம்பியது. பிறகு எல்லாத் திசையிலிருந்தும் விசில். "ஜோடி நல்லா இருக்குதுடா!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. அப்படியொரு கைதட்டல் அன்றைக்கு எந்தப் பாட்டுக்கும் விழவில்லை. அக்கா அந்தக் கைதட்டல் தனக்கு என்று நினைத்துப் பல் தெரியச் சிரித்தாள். என் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

பெரியப்பா எங்கிருந்தோ வந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.  அப்பா என்னை இறக்கிவிட்டு எழுந்தார். கயிற்றைத் தாண்டிப் போய் அம்மாவைக் கூப்பிட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாட்டு இப்பதாம்ப்பா ஆரம்பிக்குது" என்றாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பாட்டைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வழிவிட்டார்கள். உங்களில் யாராவது அந்த வரிசையில் இருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. இருந்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. பெரியப்பா நாற்காலியில், மற்றவர்கள் நின்றுகொண்டு.

"எத்தினி நாளா நடக்குது?"

"எது பெரியப்பா?" என்றாள் அக்கா. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. சொன்ன பிறகுதான் புரிந்தது. அழுகையே வராமல் விக்கினாள். "சத்தியமா அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

தாளை எழுதும்போது கூடவே சிரித்த அம்மா இப்போது நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "தெரியாத ஆளயா அவருங்கறா? அவன்னு சொல்ல வாய் வருதா பாருங்க அவளுக்கு!"

முன்பின் தெரியாத ஆணை மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான். அந்த மரியாதையே சாட்சி ஆகிவிட்டது. அதோடு போகவில்லை. பெரியப்பா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அவர் மூளை எப்போதும் அப்படித்தான், கோணலாகப் போகும், கூர்மையாகப் போகும்.

"காதல் பாட்டு கேட்டிருந்தாக்கூட வயசுக் கோளாறுன்னு வுட்டுடலாம். ரெண்டு பேரும் சேந்து தாலாட்டு கேக்குறாங்கடா! அப்பன்னா விசயம் எங்க போயி நிக்குதுன்னு ரோசன பண்ணு."

புருவம் கோணாமல் இருக்கத்தான் தாலாட்டு என்று அந்தக் கொட்டகையில் இருந்த எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். யாரும் போய்க் கேட்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். இந்த வயதில் யோசித்துப் பார்த்தால், அண்ணன் எதிரில் வாய் திறக்கப் பயந்த ஒரு மனிதர், அவ்வளவுதான். அதை நல்ல குணம் என்று நாங்கள் எல்லாரும் பெயர் வைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அம்மா எங்கள் வீடு தேடி வந்தார். சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், தலையில் முக்காடு அப்படியே இருந்தது. கழுத்தில் சின்னச் சிலுவை. வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எம் மவனுக்கு உங்க பொண்ணு யாருன்னே தெரியாதுங்க. நான் சொல்லித்தான் அந்தப் பாட்ட எழுதிக் குடுத்தான். எங்க கைப்புள்ள ஒண்ணு தவறிப் போச்சிங்க போன வருசம், அதுக்குப் பாடுவன் அத. மாதா சத்தியமா சொல்றங்க. பொண்ணப் போட்டு ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அந்த அம்மாவைவிட யோக்கியமான ஒரு மனுஷியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவர் வராமலே இருந்திருக்கலாம். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அவர் முதுகு மறைவதற்குள், வேதக்கார வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். "யாருன்னே தெரியாத வூட்டுக்கு எவளாவது தேடி வந்து சத்தியம் பண்ணுவாளா?" என்றார் பெரியப்பா. அதற்கு மேல் அந்த விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அக்கா பட்டறைக்குப் போய் அவள் பிரஷ்ஷைக்கூட எடுத்து வரவில்லை. மாசி பிறந்ததும் கல்யாணம். நல்லூர்ப் பக்கம், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, வயது ஏறிக்கொண்டே போய்ப் பெண் அமையாமல் இருந்தவர். எனக்கு மாமா. நாலு பேர் அறிய மேளம் உண்டு, ரேடியோ செட்டு வேண்டாம் என்று பெரியப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். கண் எழுதும் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஒருத்தியும் அக்கா முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்கள் வீட்டிலும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

மாமாவின் காதுக்கு விஷயம் போகாமல் இருக்குமா? கல்யாணத்துக்கு முன்பே போயிருந்தது. தெரிந்தே கட்டிக்கொண்ட பெருந்தன்மையை அவர் சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டினார். குழம்பில் உப்பு கூடினால் அந்தப் பையன் பெயர். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமானால் அந்தப் பெயர். முதல் பிள்ளை பிறந்தபோது தொட்டிலில் போட்டு அக்கா லேசாக முனகியிருக்கிறாள், "இணைஞ்சி பாட எவனக் கூப்புடட்டும்?" என்று கேட்டுக்கொண்டே வந்து அறைந்தார். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளும் தாலாட்டு இல்லாமலே வளர்ந்தார்கள். மாரியம்மன் கோவிலில் குழாய் கட்டினால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். அந்தப் பையனை வடக்கே எங்கேயோ மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. எங்கே இருக்கிறான், இருக்கிறானா, எனக்குத் தெரியாது. ஆனால் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அவன் பெயர் தினமும் சொல்லப்பட்டது.

போன வருடம் மாமா இறந்துபோனார். காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு நான் அக்காவோடு கொஞ்ச நாள் தங்கினேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்திருந்தோம். சென்னையில் இருக்கும் என் பேத்தி போனில் வீடியோ அனுப்பியிருந்தாள். ஏதோ பெரிய கச்சேரி. கடல் மாதிரி கூட்டம், ஆணும் பெண்ணும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எல்லார் கையிலும் போன் வெளிச்சம், எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். நடுவில் என் பேத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள். அக்கா போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள்.

"இவள யாரும் வையலியா?"

"எதுக்குக்கா வையணும்? இவ அம்மாதான் கொண்டுபோய் வுட்டா."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லு. நீ அன்னிக்கி அப்பா மடியிலதான ஒக்காந்திருந்த, ஆம்பளைங்க பக்கம். எழுந்து நின்ன ஆள நீ பாத்தியா?"

 இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

"பாத்தன்க்கா."

"கறுப்பா, செவப்பா?"

பேச்சுக்குச் சொல்வோமே, கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது என்று. அவள் பேச்சுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெயருக்காக அத்தனை அடி வாங்கியவளுக்கு அந்த முகம் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் பார்த்தது மேடையைப் பார்த்து நின்ற ஒரு முதுகையும் மேலே தூக்கிய ஒரு கையையும்தான்.

"மாநெறம்க்கா. சுருட்ட முடி. நல்ல ஒயரம்."

"சிரிச்ச மொகமா?"

"சிரிச்ச மொகந்தான்."

அவள் மேலே கூரை ஓடுகளைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு என் பக்கம் புரண்டு படுத்தாள்.

"அந்த மட்டுக்கும் சரி" என்றாள்.